ஹோட்டல் சாப்பாட்டில் உடம்புக்கு நல்லதைத் தேடித்தரும் செயலி: சென்னையில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும், உணவியல் படித்த என் தோழியும், நிரல் எழுதும் இரண்டு தம்பிகளும் சேர்ந்து ஒரு செயலியை உருவாக்கி வருகிறோம். சென்னை ஹோட்டல்களில் உடம்புக்கு ஒத்துவரும் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று அது காட்டும். திருவல்லிக்கேணி மெஸ்ஸில் தராசோடு நிற்கும்போதும், பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் விளக்கிச் சொல்லும்போதும், உறவினர் வீட்டுக் கல்யாணப் பந்தியிலும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதிப் பதிலும் சேர்த்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன, சிக்கலானவை பின்னால்.

இந்தச் செயலி என்னதான் செய்யும்?

மதியம் ஒரு மணி. நல்ல பசி. கையில் நூறு ரூபாய். நிற்கும் இடம் சைதாப்பேட்டை. நடந்துபோகும் தூரத்தில் எந்தக் கடையில், எந்தப் பண்டத்தை, எப்படிச் சொல்லி வாங்கினால் எண்ணெயும் உப்பும் குறைந்து, காயும் பருப்பும் கூடிய சாப்பாடு கிடைக்கும்? இதை அரை நிமிடத்தில் சொல்லவேண்டும். அதுதான் அதன் வேலை.

"எப்படிச் சொல்லி" என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரே கடையில் ஒரே தோசையை, எண்ணெய் குறைத்துப் போடுங்கள் என்று கேட்டு வாங்குபவரும் கேட்காமல் வாங்குபவரும் வேறு வேறு உணவைத்தான் சாப்பிடுகிறார்கள். எந்தக் கடையில் கேட்டால் முகம் சுளிக்காமல் செய்துதருவார்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. நாங்கள் போய்க் கேட்டுத்தான் சேகரிக்கிறோம்.

வீட்டில் சமைத்துச் சாப்பிட்டால் போதுமே, இதெல்லாம் எதற்கு?

என் அப்பா மருந்து விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவர். மாதத்தில் இருபது நாள் வெளியூர். சர்க்கரை நோய் வந்தபோது மருத்துவர், "வெளியில் சாப்பிடாதீர்கள்" என்றார். அப்பா தலையாட்டிவிட்டு மறுநாள் காலை விழுப்புரம் பஸ் ஏறினார். அவருக்குத் தேவைப்பட்டது, வெளியில் சாப்பிட்டால் எதைச் சாப்பிடலாம் என்ற பதில். அதை யாரும் சொல்லவில்லை.

திருவல்லிக்கேணி மேன்ஷன் அறைகளில் அடுப்பு வைக்க இடம் கிடையாது. இரவுப்பணி முடிந்து பெருங்குடியில் காலை ஆறு மணிக்கு வெளியே வருபவருக்கும், மருத்துவமனையில் உறவினருக்குத் துணையிருப்பவருக்கும், இரண்டு வேளை வண்டி ஓட்டும் ஆட்டோ ஓட்டுநருக்கும் வீட்டுச் சமையல் என்பது அறிவுரையாக மட்டுமே கிடைக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் சென்னையில் இயங்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது என்றும், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றும் அது மதிப்பிட்டது. இவர்கள் அனைவரையும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடச் சொல்லிவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது.

ஆரோக்கியமான உணவு என்று எதைச் சொல்கிறீர்கள்? அதை யார் முடிவு செய்வது?

பத்துக்கு எட்டு, பத்துக்கு மூன்று என்று நாங்கள் மதிப்பெண் போடுவதில்லை. ஒரு பண்டத்துக்குக் கலோரியோடு ஐந்து விவரங்களை மட்டும் காட்டுகிறோம்: பரிமாறும் அளவு, எண்ணெய், உப்பு, சேர்த்த சர்க்கரை, காய் - பருப்பு - முட்டை - மீன் - இறைச்சியின் பங்கு. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு உப்பு முக்கியம். உடற்பயிற்சி செய்யும் இளைஞருக்குப் புரதம் முக்கியம். இருவருக்கும் ஒரே மதிப்பெண் எப்படிப் பொருந்தும்?

அளவுகோலுக்கு ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைப் பின்பற்றுகிறோம். ஒரு நாளைக்கு 2,000 கிலோகலோரி (பேச்சில் நாம் கலோரி என்பது இதைத்தான்) தேவைப்படுபவரின் தட்டில் தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம், எண்ணெயும் கொழுப்பும் 27 கிராம் இருக்கலாம் என்பது அவர்கள் தரும் கணக்கு. இந்த மூன்று எண்களையும் வைத்துக்கொண்டு நம் ஊர் முழுச் சாப்பாட்டைப் பாருங்கள். சோறு மலைபோல் இருக்கும். பொரியல் ஒரு கரண்டி, கூட்டு ஒரு கரண்டி. பொரியல் மறுபடி வேண்டும் என்றால் எந்தக் கடையில் தருவார்கள் என்பதையும் செயலியில் குறித்திருக்கிறோம். அது சின்னத் தகவல்தான், ஆனாலும் மிகவும் பயன்படுகிறது.

இட்லி நல்லது, பரோட்டா கெட்டது. இவ்வளவுதானே?

இவ்வளவு இல்லை. இட்லி ஆவியில் வெந்தது, எண்ணெய் இல்லாதது. உண்மைதான். ஆனால் நான்கு இட்லி, இரண்டு வடை, தேங்காய்ச் சட்னி இரண்டு முறை, பொடிக்கு நல்லெண்ணெய், முடிவில் சர்க்கரை போட்ட காபி என்று போகும் காலை டிபனில் இட்லியின் நல்ல பெயர் மற்றவற்றையும் மறைத்துவிடுகிறது. மறுபக்கம், ஒரே ஒரு பரோட்டாவைக் கோழிக் குழம்போடும் இரண்டு முட்டையோடும் சாப்பிட்டு எழுந்திருப்பவரைக் குற்றவாளியாக்க வேண்டியதில்லை.

வெண்பொங்கல்தான் எங்களை அதிகம் யோசிக்கவைத்த பண்டம். பார்க்கச் சாதுவாக இருக்கும். குழைந்த அரிசிக்குள் நெய் எவ்வளவு இருக்கிறது என்று தொட்டாலும் தெரியாது, சுவைத்தாலும் தெரியாது.

ஒரு தோசைக்கு இத்தனை கலோரி என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

அடிப்படை நூல் ஒன்று இருக்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணை. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மாதிரி எடுத்து 528 உணவுப் பொருள்களை ஆய்வுக்கூடத்தில் அளந்து வெளியிட்டார்கள். அரிசி, உளுந்து, முருங்கைக்கீரை, நெத்திலி எல்லாம் அதில் உண்டு. ஆனால் அவையெல்லாம் சமைக்காத பொருள்கள். மசால் தோசை எத்தனை கலோரி என்று அதில் தேடினால் கிடைக்காது. பச்சைப் பொருளிலிருந்து தட்டில் விழும் பண்டம் வரை நாமேதான் கணக்குப் போட்டுக்கொண்டு போகவேண்டும்.

வழி இதுதான். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ அரிசி, எத்தனை கிலோ உளுந்து ஊறவைத்தார்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். அரைத்த மாவின் மொத்த எடையைப் பார்க்கிறோம். ஒரு தோசைக்குப் போகும் மாவைக் கரண்டியோடு எடைபோட்டு, கரண்டியின் எடையைக் கழிக்கிறோம். ஒரு தோசையோடு நிறுத்தாமல் பத்துத் தோசைக்காவது இதைச் செய்யவேண்டும், ஏனென்றால் கூட்டம் ஏறும்போது மாஸ்டரின் கரண்டி இளைக்கும், ஓயும்போது பருக்கும். ஒரு தோசைக்கு அரிசியும் உளுந்துமாக 50 கிராம் போகிறது என்று வைத்துக்கொண்டால், அதிலிருந்து ஏறக்குறைய 175 கிலோகலோரி வரும். இந்தப் பகுதி பெரிதாக மாறாது.

மாறுவது எண்ணெய். ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கிலோகலோரி. ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் ஏறக்குறைய 40 கூடும். மூன்று தேக்கரண்டி என்றால் 120. ஒரே மாவில் ஊற்றிய இரண்டு தோசைகளுக்கு நடுவே இவ்வளவு வித்தியாசம் வந்துவிடுகிறது. ஆகவே எங்கள் உழைப்பில் பெரும்பகுதி எண்ணெயை அளப்பதில்தான் போகிறது.

எண்ணெய் எவ்வளவு விடுகிறேன் என்று எந்த மாஸ்டரும் சொல்லமாட்டாரே?

அவர் மறைப்பதில்லை, அவருக்கே தெரியாது. கை சொல்கிறபடி விடுகிறார். ஒரு வாதத்துக்காகக் கேட்டால் "கொஞ்சம்தான்" என்பார், அவரைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. அதனால் நாங்கள் கேட்பதில்லை. காலை டிபன் தொடங்குமுன் தோசைக்கல் பக்கத்தில் இருக்கும் எண்ணெய்ப் பாத்திரத்தை எடைபோடுகிறோம். முடிந்ததும் மறுபடி எடைபோடுகிறோம். நடுவில் எத்தனை தோசை போனது என்பது கல்லாவில் இருக்கும் பில்லில் தெரிந்துவிடும். வகுத்தால் ஒரு தோசைக்கான சராசரி வந்துவிடும். கல்லைத் துடைக்கும் துணியில் போவது, ஆவியாகப் போவது எல்லாம் இதில் அடங்கியிருப்பதால் உண்மையான அளவு இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

வடை, பூரி, பஜ்ஜிக்கு வாணலி எண்ணெயை முன்னும் பின்னும் எடைபோட்டு, நடுவில் சேர்த்ததைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இன்னொரு குறுக்குவழியும் உண்டு. மாதத்துக்கு எத்தனை டின் எண்ணெய் வாங்குகிறீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று முதலாளியிடம் கேட்டால், 15 கிலோ டின்னைக் கொண்டு ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று தோராயமாகப் பார்த்துவிடலாம். தனிப் பண்டத்தின் கணக்கு அதில் கிடைக்காது. ஆனால் நம் மற்ற அளவுகள் எல்லாவற்றையும் கூட்டினால் இந்த எண்ணோடு பொருந்துகிறதா என்று சரிபார்க்க அது மிகவும் உதவும்.

பெரிய ஹோட்டல்கள் கலோரியை எழுதிப்போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே?

இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, மத்திய உரிமம் பெற்ற அல்லது பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் உணவகங்கள், ஒரு பரிமாறலுக்கு எத்தனை கிலோகலோரி என்பதைப் பட்டியலில் காட்டவேண்டும். 2022-இல் இது நடைமுறைக்கு வந்தது. அப்படிக் கிடைக்கும் எண்களை நாங்கள் "கடை சொன்னது" என்ற குறிப்போடு எடுத்துக்கொள்கிறோம்.

ஆனால் மயிலாப்பூர் மாட வீதியில் ஒரே கடை வைத்திருப்பவருக்கும், வேளச்சேரியில் மூன்று கிளை வைத்திருப்பவருக்கும் இந்த விதி பொருந்தாது. சென்னையில் பெரும்பாலோர் தினமும் சாப்பிடுவது அத்தகைய கடைகளில்தான். நாங்கள் தராசைத் தூக்கிக்கொண்டு போவதும் அங்கேதான்.

தட்டைப் போட்டோ எடுத்தால் செயற்கை நுண்ணறிவே கலோரி சொல்லிவிடுகிறதே?

படத்தைப் பார்த்து, இது இட்லி, இங்கே மூன்று இருக்கின்றன என்று சொல்லும் அளவுக்கு அது தேறியிருக்கிறது. அந்த வேலைக்கு நாங்களும் பயன்படுத்துகிறோம். பெயரைத் தட்டச்சு செய்யும் தொல்லை குறைகிறது. ஆனால் பொங்கலுக்குள் இருக்கும் நெய்யைக் கேமரா எப்படிப் பார்க்கும்? குருமாவில் அரைத்துவிட்ட முந்திரி, சாம்பாரில் கரைந்த வெல்லம், சோறு வடித்ததா குக்கரில் வெந்ததா, எதுவும் படத்தில் இல்லை. வாழையிலையில் குழம்பும் சோறும் கலந்துவிட்டால் எது எவ்வளவு என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே தெரியாது. பெயரைப் படத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எண்ணைச் சமையலறையிலிருந்துதான் எடுக்கவேண்டும்.

உங்கள் எண் தவறாக இருந்தால்?

தொடக்கத்தில் நாங்கள் ஒற்றை எண் காட்டினோம். ரவா கிச்சடி 312 என்றால் 312. ஒரு நாள் ஒரு பெண்மணி அழைத்தார். தன் மாமியாருக்கு இன்சுலின் அளவைத் தீர்மானிக்க எங்கள் எண்களைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பதாகவும், மிகவும் உதவியாக இருப்பதாகவும் நன்றி சொன்னார். அன்று இரவு எங்களில் யாருக்கும் தூக்கம் வரவில்லை. அந்த 312 வேறொரு கடையின் கிச்சடியைப் பார்த்து ஊகித்த எண். மறுநாளே அவரை அழைத்து உண்மையைச் சொல்லி, மருத்துவரிடம் பேசாமல் எதையும் மாற்றவேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். அந்த வாரமே எல்லா ஒற்றை எண்களையும் எடுத்துவிட்டோம்.

இப்போது வரம்பு காட்டுகிறோம்: 270 முதல் 350 வரை என்பதுபோல. பக்கத்தில் மூன்றில் ஒரு சொல் இருக்கும். "அளந்தது" என்றால் அந்தக் கடையிலேயே எடைபோட்டது. "கடை சொன்னது" என்றால் அவர்களே தந்தது. "ஊகம்" என்றால் மற்றக் கடைகளைப் பார்த்து மதிப்பிட்டது. அளந்த தேதியும் உண்டு. ஊகத்தை அளந்ததுபோல் காட்டுவது இந்தத் தொழிலில் செய்யக்கூடிய மிகப்பெரிய தவறு என்று நான் நினைக்கிறேன். இதை எங்கே சொன்னாலும் என் குரல் உயர்ந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சமையலறைக்குள் உங்களை யார் விடுவார்கள்?

நாங்கள் எதிர்பார்த்ததைவிட நிறையப் பேர் விடுகிறார்கள். நேரம் பார்த்துப் போகவேண்டும். மதியச் சாப்பாடு முடிந்து மாலை டிபன் தொடங்குமுன், மூன்றிலிருந்து நான்கு மணிக்குள். முதலில் முதலாளி, பிறகு மாஸ்டர். மாஸ்டருக்குச் சம்மதமில்லை என்றால் முதலாளி சம்மதித்தாலும் பயனில்லை. "உங்கள் கைப்பக்குவம் எங்களுக்கு வேண்டாம் அண்ணா, எடை மட்டும் பார்த்துக்கொள்கிறோம்" என்று முதலிலேயே சொல்லிவிடுவோம். மசாலா விகிதத்தை எழுதிக்கொள்ள மாட்டோம். அதனால் கலோரி மாறப்போவதும் இல்லை.

ஒரு மெஸ்ஸில் எழுபதை நெருங்கும் மாஸ்டர், தன் கூட்டில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று தராசில் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. அடுத்த முறை போனபோது தாளிக்க ஒரு சின்னக் கரண்டியைத் தனியாக வைத்திருந்தார். நாங்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

கடைகளிடம் பணம் வாங்கிக்கொண்டு அவர்களை மேலே காட்டுவீர்களா?

மாட்டோம். கேட்டிருக்கிறார்கள், மறுத்திருக்கிறோம்.

அப்படியானால் வருமானம் எங்கிருந்து?

இரண்டு வழி. நிறுவனங்களின் கேண்டீன் பட்டியலை அளந்து தருவதற்குக் கட்டணம் வாங்குகிறோம். தங்கள் கடையை அளந்து தரச் சொல்லும் உணவகங்களிடமும் வாங்குகிறோம், ஆனால் விடை எதுவாக இருந்தாலும் கட்டணம் ஒன்றுதான், விடை வெளியாவதும் உறுதி. பிடிக்காத விடையை மறைக்கும்படி கேட்கமாட்டேன் என்று முன்பே எழுதி வாங்கிக்கொள்கிறோம். சாப்பிடுபவரிடம் பணம் கேட்பதில்லை. இது பெரிய வருமானம் இல்லை. நால்வரில் இருவர் வேறு வேலையும் பார்க்கிறோம்.

சின்னக் கடை, கூழ் வண்டி, அம்மா உணவகம் எல்லாம் வருமா?

அவை இல்லாவிட்டால் இந்தச் செயலி வசதியானவர்களுக்கு மட்டும் என்றாகிவிடும். 2013-இல் சென்னையில் அம்மா உணவகம் தொடங்கியபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். உடம்புக்கு நல்லது என்றால் விலை கூடுதலாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

வெயில் காலத்துக் கூழ் வண்டியையும் பாருங்கள். கேழ்வரகோ கம்போ, மோர், சின்ன வெங்காயம். அருமையான மதிய உணவு. தொட்டுக்கொள்ளும் மோர்மிளகாயிலும் ஊறுகாயிலும்தான் உப்பு குவிந்திருக்கிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு இருக்கவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஒரு தேக்கரண்டி அளவுதான். ஆகவே கூழுக்கு நாங்கள் எழுதும் குறிப்பு: "வெங்காயம் கூடக் கேளுங்கள், மோர்மிளகாய் ஒன்று போதும்." மெரினாவில் விற்கும் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலும் பட்டியலில் உண்டு. ஒரே சிக்கல், தள்ளுவண்டிகள் இடம் மாறும். வரைபடத்தில் புள்ளி வைக்காமல் தெருவையும் நேரத்தையும் குறிக்கிறோம்.

சிறுதானியம் என்று பலகை வைத்திருந்தால் நல்ல கடைதானே?

2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு சென்னையில் அந்தப் பலகைகள் பெருகிவிட்டன. மகிழ்ச்சிதான். ஆனால் தினை தோசை மாவில் தினை எவ்வளவு, அரிசி எவ்வளவு என்று கேட்டால் பல இடங்களில் பதில் வருவதில்லை. சாமைப் பொங்கலிலும் நெய் நெய்தான். ராகி பிஸ்கட்டிலும் சர்க்கரை சர்க்கரைதான். பலகைக்கு நாங்கள் எந்தச் சலுகையும் தருவதில்லை. மேலே சொன்ன அதே ஐந்து விவரங்கள், அதே தராசு.

தமிழில் தேடினால் சரியாக வருமா?

இதற்கு நாங்கள் பட்ட பாட்டை விரிவாகவே சொல்கிறேன், மற்றவர்களுக்கு உதவும். பரோட்டா, புரோட்டா, பராட்டா எல்லாம் ஒன்றே. வற்றல் குழம்பும் வத்தக்குழம்பும் ஒன்றே. "கீரைக்கூட்டு" என்று சேர்த்து எழுதுபவரும், "கீரை கூட்டு" என்று பிரித்து எழுதுபவரும் ஒரே பண்டத்தைத்தான் தேடுகிறார்கள். நடுவில் வரும் ஒற்றெழுத்தைத் தேடலின்போது பொருட்படுத்தாமல் விடும்படி எழுதினோம். ஆங்கில எழுத்தில் இட்லியை ஒருவர் ஐ என்ற எழுத்தில் முடிக்கிறார், இன்னொருவர் ஒய் என்ற எழுத்தில். ஒவ்வொரு பண்டத்துக்கும் இப்படி மாற்றுப் பெயர்ப் பட்டியல் கையால் தயாரித்தோம்.

கண்ணுக்குத் தெரியாத சிக்கல் ஒன்றும் உண்டு. "கொ" என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், எகரக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கோ வேறு வேறு. கொத்தமல்லிச் சட்னி சில கைப்பேசிகளில் மட்டும் கிடைக்காமல் போனதற்குக் காரணம் இதுதான். சேமிக்கும்போதும் தேடும்போதும் எல்லாச் சொற்களையும் ஒரே வடிவுக்கு மாற்றிக்கொண்டால் தீர்ந்துவிடும்.

"சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது" என்று ஒரு குறி போடலாமே? அதைத்தானே மக்கள் தேடுகிறார்கள்?

தேடுகிறார்கள், தெரியும். என் அப்பாவும் அதைத்தான் தேடியிருப்பார். ஆனாலும் போடமாட்டோம். ஒருவர் மாத்திரையில் இருக்கிறார், ஒருவர் இன்சுலினில், ஒருவருக்குச் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருக்கிறது. எந்த ஒரு பண்டமும் இவர்கள் எல்லோருக்கும் ஏற்றது என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை, கடைக்காரருக்கும் இல்லை.

சட்டமும் இதில் கடுமையானது. உணவு நோயைக் குணப்படுத்தும் என்பதுபோன்ற கூற்றுகளை விளம்பரங்கள் பற்றிய 2018 விதிமுறைகள் தடுக்கின்றன. தவறான விளம்பரத்துக்கு 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்கலாம். அதற்குப் பதிலாக, "சோறு அளவாகக் கிடைக்கும்", "சர்க்கரை இல்லாமல் காபி போட்டுத் தருவார்கள்" என்று பார்த்துச் சரிபார்க்கக்கூடிய தகவல்களை எழுதுகிறோம்.

ஒவ்வாமை உள்ளவர்கள் நம்பலாமா?

"இருக்கிறது" என்று நாங்கள் சொன்னால் நம்பலாம். "இல்லை" என்று நாங்கள் எதற்கும் சொல்வதே இல்லை. காரணம் ஒன்று சொல்கிறேன். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் சாம்பார் சாதத்தில் கோதுமைக்கு வேலையில்லை என்று நினைப்பார். ஆனால் கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ சேர்ப்பது வழக்கம். அது சாம்பாரில் மட்டுமல்ல, ரசத்திலும் கூட்டிலும் மோரிலும் இருக்கிறது. ஒரே வாணலியில் எல்லாம் பொரியும் சமையலறையில் வேர்க்கடலை இல்லை என்று யார் உறுதி தரமுடியும்? கடும் ஒவ்வாமை உள்ளவர்கள் கடையில் நேரில் கேட்காமல் சாப்பிடவேண்டாம்.

சுத்தத்தைப் பற்றி ஏன் எதுவும் காட்டுவதில்லை?

சத்து வேறு, சுத்தம் வேறு. எண்ணெய் குறைந்த சுண்டலும் அழுக்குத் தண்ணீரில் வெந்திருக்கலாம். சுத்தத்தைச் சோதிக்கும் அதிகாரம் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குத்தான் உண்டு. நாங்கள் கடையின் 14 இலக்க உரிம எண் அல்லது பதிவு எண்ணை மட்டும் காட்டுகிறோம்.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக்கூடாது என்பது 2018 முதல் விதி. கடைக்காரர் சம்மதித்தால் அதைக் கையடக்கக் கருவியால் பார்த்து அவரிடம் மட்டும் சொல்கிறோம்.

மாஸ்டர் மாறிவிட்டால் உங்கள் அளவெல்லாம் என்ன ஆகும்?

செல்லாது. இந்தத் தொழிலில் மாஸ்டர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அவரோடு அவர் கையும் போய்விடும். மாஸ்டர் மாறினால் சொல்லுங்கள் என்று கடைகளிடம் கேட்டிருக்கிறோம். அது தவிர, ஆறு மாதம் ஆன "அளந்தது" தானாகவே "ஊகம்" என்று மாறிவிடும். கடைக்காரர்களுக்கு இது பிடிப்பதில்லை. ஆனால் வரம்போடும் தேதியோடும் காட்டவேண்டும் என்று மேலே சொன்னோமே, அதன் தொடர்ச்சிதான் இதுவும்.

என் உடல்நிலைத் தகவல் யார் கைக்குப் போகும்?

உங்கள் கைப்பேசியை விட்டு வெளியே போகாது. உப்பு குறைவாக வேண்டும் என்று நீங்கள் தேர்ந்தெடுத்தால் அந்த வடிகட்டல் கைப்பேசிக்குள்ளேயே நடக்கும். ஏன் உப்பு குறைவாக வேண்டும் என்று நாங்கள் கேட்பதே இல்லை. 2023-ஆம் ஆண்டின் எண்ம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவலுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. கல்லூரி விடுதி மாணவர்கள் பலர் எங்களைப் பயன்படுத்துவதால், தகவலையே வாங்காமல் இருப்பதுதான் நேர்வழி என்று முடிவு செய்தோம்.

இப்படி எண்ணி எண்ணிச் சாப்பிட்டால் சாப்பாட்டின் மகிழ்ச்சி போய்விடாதா?

போகக்கூடும். எண்களைப் பார்த்துப் பயந்து சாப்பாட்டையே குறைத்துக்கொண்ட ஓர் இளம்பெண்ணைப் பற்றி அவருடைய தாயார் எங்களிடம் வந்து சொன்னார். அதன்பிறகு கலோரி எண்களை முழுவதுமாக மறைத்துவைக்கும் வசதியை உருவாக்கினோம். புதிதாக நிறுவும் எவருக்கும் எண்கள் மறைந்தேதான் இருக்கும். வேண்டுமென்றால் திறந்துகொள்ளலாம். "நேற்று அதிகம் சாப்பிட்டீர்கள்" என்று குத்திக்காட்டும் அறிவிப்பு எங்களிடம் ஒன்றுகூட இல்லை.

திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லியை மாதம் ஒருமுறையாவது நான் சாப்பிடுவேன். அங்கே நான் தராசு எடுத்துப்போவதில்லை.

நானும் என் ஊரில் இப்படி ஒன்று செய்ய விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

நிரலில் தொடங்காதீர்கள். ஒரு தெருவைத் தேர்ந்தெடுங்கள். அந்தத் தெருவில் உள்ள கடைகளில் அதிகம் விற்கும் இருபது பண்டங்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். வரைபடத்துக்கு ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் போதும். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு இலவசமாகப் பயன்படுத்தலாம். விட்டுப்போன கடைகளை நீங்களே சேர்க்கவும் செய்யலாம். உணவு கொண்டுவந்து தரும் செயலிகளின் பட்டியலை அப்படியே எடுத்துவிடலாமே என்று பலர் சொல்வார்கள். அது அவர்களுடைய உழைப்பு. அதோடு, நமக்கு வேண்டிய எண்ணெய்க் கணக்கு அதில் கிடையாது.

அந்த இருபது பண்டங்களும் அளந்து முடிந்தபின், அதே தெருவில் தினமும் சாப்பிடும் பத்துப் பேருக்கு அதைத் தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். அவர்கள் அந்தத் தாளைப் பத்திரமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் செயலி எழுதத் தொடங்கலாம். தராசு 5 கிலோ வரை தாங்குவதாகவும் ஒரு கிராம் வித்தியாசம் காட்டுவதாகவும் இருக்கட்டும். சமையலறை ஈரத்தில் முதலில் கெடுவது அதன் பொத்தான்கள்தான். அதனால் மேலே ஒரு பிளாஸ்டிக் உறையைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டுக்கொள்ளுங்கள்.